கங்காணி ஆள் இல்லை, குருவி

1. அறிக்கைக்குள் நடந்த ஆள்

"ஆய்வு நடந்த எல்லா நாள்களிலும் தோட்ட மேற்பார்வையாளர் ஓடையோரம் நடந்ததையும், விசில் அடித்ததையும், வரிசை வரிசையாகப் பார்வையிட்டதையும் களப்பணியாளர் பதிவு செய்துள்ளார். ஆகவே இத்தோட்டம் இன்றும் முறையான பராமரிப்பில் உள்ளது."

ஈப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த வரிகளை ஆங்கிலத்தில் படித்தபோது என் கையில் பால் விடாத தே ஓ கிளாஸ் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். களப்பணியாளர் என்பது நான்தான். ஆனால் இந்த மேற்பார்வையாளர் யார்? அந்த ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தொழிலாளர் லயன் வீடுகளின் கூரை உள்ளே விழுந்து, அடுப்படியில் மரம் முளைத்திருக்கிறது. நானும் என்னோடு வேலை செய்யும் அஸ்மியும் தவிர அங்கே ஓர் ஆளைக்கூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு வந்த கோபம் இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலத்தில் வீடோ தொழிற்சாலையோ டுரியான் பழத்தோட்டமோ வரப்போகிறது என்றால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்து ஓர் அறிக்கை தயாரித்து அரசாங்க அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் பறவைப் பகுதி என்னுடையது. விடிகிற நேரத்தில் காட்டுக்குள் போய் நிற்பேன். எது கத்துகிறது, எது பறக்கிறது, எது கூடு கட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டு கையும் பைனாகுலரில் இருக்கும். மழை, அட்டை, கொசு எல்லாவற்றோடும் பேனா பிடித்து எழுத முடியாது. அதனால் போனில் குரல் பதிவாகத் தமிழில் சொல்லி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். அங்கே பிரியா என்ற பெண் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் அட்டவணை ஆக்குவாள்.

அந்தத் தோட்டம் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையை ஒட்டி உள்ளே இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு நாளும் நான் அனுப்பிய குரல் பதிவில் இப்படிச் சொல்லியிருந்தேன்: "கங்காணி வந்துட்டான். ஓடப் பக்கம் நடக்குறான். விசில் அடிக்கிறான். நிரைக்கு நிரை பாத்துக்கிட்டே போறான்."

பிரியா ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்தவள். பால்மரத்தைக் காரில் போகும்போது பார்த்திருப்பாள். கங்காணி என்றால் மேற்பார்வையாளர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தப்பில்லை. ஆனால் நான் சொன்ன கங்காணிக்கு உடம்பு முழுதும் இறகு.

2. அந்தப் பெயர் எப்படி வந்தது

அந்தக் குருவியை ஆங்கிலத்தில் ஷார்ட் டெயில்ட் பேப்ளர் என்பார்கள். தமிழில் குட்டைவால் சிலம்பன் என்று சொல்லலாம். ஊர்க்குருவி அளவுதான் இருக்கும். மேலே பழுப்பு, கன்னம் சாம்பல், தொண்டை வெள்ளை, விலாப்பக்கம் லேசாக ஆரஞ்சு பூசினது போல ஒரு நிறம். கால் மட்டும் உடம்புக்கு மிஞ்சின நீளம், இளஞ்சிவப்பு. வாலைப் பார்த்தால் யாரோ பாதியில் வெட்டிவிட்டதாகத்தான் நினைப்பீர்கள்.

நிறத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். காட்டுத் தரையில் திரியும் சிலம்பன்கள் எல்லாம் பழுப்புதான். இதற்கு உறவுமுறையில் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான். கொஞ்சம் பெரியவன், தடித்த அலகு, வால் சரியான நீளம். அவன் புதரில் இருப்பான், பழத்தோட்டத்து ஓரத்தில் இருப்பான், வீட்டுக்குப் பின்னால் செடி மண்டிக் கிடந்தால் அங்கேயும் இருப்பான். அவனைப் பார்த்ததால் ஓர் இடத்தைக் காடு என்று சொல்ல முடியாது. குட்டைவாலன் அப்படி இல்லை. அவனுக்கு மேலே நிழல் வேண்டும், கீழே ஈரமான சருகு வேண்டும். அது இரண்டும் இல்லாத இடத்தில் அவன் இருக்க மாட்டான்.

ஆகவே நடத்தையைப் பாருங்கள். குட்டைவாலன் தரையில் நடப்பான். நடுநடுவே ஒரு தத்தல். நின்று ஒரு சருகைப் புரட்டுவான், தலையைச் சாய்த்துப் பார்ப்பான், திருப்தி இல்லாமல் அடுத்ததற்குப் போவான். நெஞ்சு முன்னால் இருக்கும். பின்னால் வால் இல்லாத குறையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது போலவே தெரியும். அப்புறம் குரல். சின்னக் கரகரப்பு ஒன்றில் தொடங்கும். பிறகு தெளிவான விசில்கள், ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் கீழே, அவசரமே இல்லாமல். கேட்டுப் பழகாதவர்கள் மனிதன் அடிக்கிற விசில் என்றுதான் நினைப்பார்கள்.

கைவிட்ட தோட்டம் ஒன்றில் முதல் தடவை இவனைப் பார்த்தபோது, பால்மரங்கள் இன்னும் நிரை நிரையாகத்தான் நின்றன. நிரைகளுக்கு நடுவே காட்டுச் செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன. இவன் ஒரு நிரையில் நடந்து, கடைசி வரை போய், திரும்பி அடுத்த நிரையில் வந்தான். நடுவில் ஒரு விசில். நான் வளர்ந்த தோட்டத்துக் கங்காணி இப்படித்தான் வருவார். மரத்தில் காயம் பட்டிருக்கிறதா, பால் பிடிக்கும் கோப்பை சரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பால் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவை எல்லார் முன்னாலும் நாய் பேர் சொல்லித் திட்டுவார். அந்த ஆள் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு நான் கொடுத்துக்கொண்ட வடிகால் இது. அவர் பெயரை ஒரு புழு பொறுக்கிக்கு வைத்தேன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. அஸ்மிகூட அப்படித்தான் சொல்வார். அவர் மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில் வளர்ந்தவர். தமிழில் திட்டுவதற்கு என்னைவிட அவரிடம் சொல் அதிகம். "காக், கங்காணி வந்துட்டான், கைய ஆட்டாதீங்க," என்பார். காக் என்றால் அக்கா.

3. "எஸ்பி போட்டுடலாம்"

அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். முதலாளி குணா என்னைவிடச் சின்னவர். சின்னதாக ஒரு கம்பெனி வைத்து நடத்துகிறார். பறவைகளைப் பற்றி முறையாகப் படித்தவர். படிப்பு மட்டும் இல்லை, காதும் உண்டு. குரலை வைத்துப் பெயர் சொல்வதில் எனக்கும் அவருக்கும் போட்டியே நடக்கும். பாதி நாள் அவர்தான் ஜெயிப்பார்.

"குணா, இந்த சூப்பர்வைசரு யாருன்னு தெரியுமா?"

"யாருக்கா? அந்த எடத்துல ஆள் இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

என் போனில் இருந்த பதிவைப் போட்டேன். என் குரலுக்குப் பின்னால் விசில் கேட்டது. குணா தலையைத் தூக்கினார். இரண்டாவது விசிலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயோ, ஷார்ட் டெயில்ட்."

"ஆமா. நடந்தது அவன்தான். விசில் அடிச்சதும் அவன்தான்."

பிரியாவைக் கூப்பிட்டார். அவள் முகம் சுருங்கிவிட்டது. "சாரிக்கா. பின்னால விசில் வேற கேட்டுச்சு. ஆளுதான்னு நெனச்சிட்டேன். நிரைக்கு நிரை பாக்குறான்னு வேற சொன்னீங்க. குருவி எதுக்குக்கா நிரைய பாக்கப் போவுது?"

அவள் கேட்டது நியாயம்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். திருத்தினால் தீர்ந்தது, ஒரு வரிதானே என்று நினைத்தேன். குணா கதவைச் சாத்தினார். அப்போதே தெரிந்தது, தீராது.

"அக்கா, கிளையண்டுக்கு டிராப்ட் போயிடுச்சு. படிச்சிட்டாரு. அவருக்கு அந்த வரிதான் ரொம்பப் புடிச்சிருக்கு."

எப்படிப் பிடிக்காமல் போகும்? நிலம் பராமரிப்பில் உள்ள தோட்டம் என்றால் ஒரு தொல்லையும் இல்லை. ஓடைக்கரை வரைக்கும் மொத்தமாக மட்டம் தட்டி வீடு கட்டலாம். அதே ஓடைக்கரையில் காட்டுத் தரைப் பறவை குடியிருக்கிறது என்று எழுதினால், மேலே மலைக்காட்டில் போய்ச் சேரும் அந்தப் பச்சைப் பட்டையை இரண்டு கரையிலும் விட்டு வைக்கச் சொல்லுவார்கள். வீட்டு வரிசை சில குறையும். ஆக, ஒரு குருவியை மனிதனாக்கி, அதன் வாயாலேயே அதன் வீட்டை இடிக்கச் சம்மதம் வாங்கியிருந்தோம்.

குணா நல்லவர்தான். பொய்யான வரி போகக்கூடாது என்று அவரே சொன்னார். "அந்த சூப்பர்வைசர் வரிய எடுத்துடறேன். ஆனா குருவி பேரு வேணாம்கா. பேப்ளர் எஸ்பி போட்டுடலாம்."

எஸ்பி என்பது எங்கள் தொழிலில் இருக்கிற ஒரு சந்து. பார்த்தது சிலம்பன் வகை, ஆனால் எந்த இனம் என்று தெரியவில்லை என்று பொருள். இலை மறைவில் சட்டென்று ஓடி மறைந்தால், மழையில் சரியாகக் கேட்காவிட்டால், எஸ்பி போடுவது நேர்மை. நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனால் அதைப் போட்டுவிட்டால் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? புதரில் திரியும் அந்தச் சொந்தக்காரன் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

"குணா, இப்ப கேட்டீங்களா இல்லியா?"

"கேட்டேன்."

"என்னான்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்கா."

"அப்புறம் எப்படி எஸ்பி போடுவீங்க?"

"படம் இல்லியேக்கா."

"நேர்ல பாத்திருக்கேன். காலு கலரு வரைக்கும் சொல்லியிருக்கேன். அஸ்மியும் பாத்திருக்காரு. எத்தன அறிக்கையில படமே இல்லாம பேரு போட்டிருக்கோம்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஆபீசுல இத்தன பேரு இருக்காங்க. இந்த கிளையண்ட் போனா அடுத்தவரும் போவாரு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கக்கா."

தெரியாதவரோடு சண்டை போடுவது சுலபம். சொல்லிக் கொடுத்தால் முடிந்துவிடும். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்கிறவரிடம் என்ன சொல்லிக் கொடுப்பது? அறிக்கையை அவர் மேசையில் வைத்தேன்.

"கிளையண்ட கூட்டிட்டு வாங்க. காலையில நேர்லயே வரட்டும். அவரு கங்காணிய அவருக்கே நான் காட்டுறேன்."

4. ஓடைக்கரையில்

கிளையண்ட் பெயர் நாச்சியப்பன். செட்டியார் குடும்பம், தலைமுறை தலைமுறையாக வியாபாரம். வரமாட்டார் என்றுதான் குணா நினைத்தார். வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, காலில் நல்ல சப்பாத்து. வருகிற வழியில் எங்கள் எல்லாருக்கும் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வந்திருந்தார். கெட்ட மனிதர் என்று நான் எழுதினால் அது பொய். அவர் நல்லவராக இருந்ததுதான் இன்னும் சிரமம்.

காடியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நிரை வழியாகவே உள்ளே நடந்தோம். அஸ்மி முன்னால் பாராங் கத்தியால் கொடியை விலக்கிக்கொண்டு போனார். ஓடைக்கரையில் விழுந்து கிடந்த பால்மரத்தின் மேல் உட்கார்ந்தோம். யாரும் பேசக்கூடாது, எழக்கூடாது என்று சொன்னேன். தூரத்தில் நெடுஞ்சாலையில் லோரி போகும் சத்தம். பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம். நாச்சியப்பன் கொசுவை அடித்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் ஆனதும் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, போன்ல அந்தச் சத்தத்தப் போட்டா குருவி தானா வந்துடுமாமே?"

"வரும் சார். யாரோ எடத்தப் புடிக்க வந்துட்டான்னு சண்டைக்கு வரும். இது கூடு வைக்கிற நேரம். நம்மளுக்கு நேரமில்லன்னு அது ஏன் சண்டைக்கு வரணும்?"

குணா வேறு பக்கம் பார்த்தார். புதிதாக வருகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் குரல் போட்டு இழுப்பது ஆய்வு இல்லை.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது. தெளிவாக, நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கியது.

நாச்சியப்பன் சட்டென்று எழுந்து நின்றார். கையை வாயருகில் வைத்து உரக்கக் கத்தினார். "யாருய்யா அது? யாரு உள்ள? யாரக் கேட்டு உள்ள வந்தே?"

காடு அப்படியே அடங்கிவிட்டது. அஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. குணா உதட்டைக் கடித்துக்கொண்டார். என்னால் அடக்க முடியவில்லை.

"உக்காருங்க சார். அதுதான் நீங்க வேலைக்கு வச்சிருக்கிற சூப்பர்வைசரு. திட்டினா வேலைய விட்டுட்டுப் போயிடும்."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். அவர் எழுந்து போயிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். வீட்டுக்குப் போய் எஸ்பி போடச் சொல்லியிருப்பார். அவரை உட்கார வைத்தது என் பேச்சா, அவர் ஆர்வமா என்று எனக்குத் தெரியாது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. நாசி லெமாக் பொட்டலம் மடியிலேயே ஆறிவிட்டது. அப்புறம் இந்தப் பக்கக் கரையிலேயே, நாங்கள் உட்கார்ந்திருந்த மரத்தின் வேர்ப்பக்கத்துக்கு அப்பால், ஒரு சருகு புரண்டது. இன்னொரு சருகு. அவன் வெளியே வந்தான். சாம்பல் கன்னம், வெள்ளைத் தொண்டை, நீளக் கால். நின்றான், பார்த்தான், புரட்டினான். எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நிரை ஓரமாக நடந்தான். பின்னாலேயே ஜோடியும் வந்தது. அதன் அலகில் காய்ந்த இலை இருந்தது.

நாச்சியப்பன் மூச்சுவிடாமல் பார்த்தார். இரண்டும் பெரணிச் செடிக்குள் போய் மறைந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அட, கையப் பின்னால கட்டிக்கிட்டு நடக்குற மாதிரியேல்ல இருக்கு!"

"அதனாலதான் சார் அந்தப் பேரு."

"வாயில எல வச்சிருந்துச்சே, அது எதுக்கு?"

"கூடு கட்டுது. தரையிலருந்து கொஞ்சம் ஒசரத்துல, செடிக்குள்ள."

அவர் ஓடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாத்தாம்மா இருக்கு. ஆனா றெக்க இருக்கே. மேல அவ்ளோ பெரிய காடு இருக்கு. பறந்து போயிடட்டுமே?"

"றெக்க இருக்கு சார். ஆனா இது வெட்டவெளியத் தாண்டாது. ஒரு செம்மண் ரோடு போட்டாலே அந்தப் பக்கம் போகாது. பொறந்த எடத்த ஒட்டியேதான் இருக்கும். இந்தப் பட்டையச் சுத்தி வெட்டிட்டீங்கன்னா, உள்ளயே இருந்து சாவும்."

"நான் பொய் எழுதச் சொல்லலம்மா. அந்த சூப்பர்வைசர் வரி வேணாம், எடுத்துடுங்க. எஸ்பின்னு போட்டா அது பொய் இல்லன்னு குணாவே சொன்னாரு."

நான் குணாவைப் பார்த்தேன். அவர் குனிந்து காலில் ஏறிய அட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"சார், நெலம் உங்களுது. எப்படி வேணா வீடு கட்டுங்க, அது உங்க விருப்பம். இங்க என்னா இருக்குன்னு சொல்லத்தான் என்னக் கூப்பிட்டீங்க. நான் பாத்தேன். நீங்களும் இப்ப பாத்துட்டீங்க. நாலு பேரு பாத்தத யாருக்கும் தெரியலன்னு எழுதச் சொன்னா, நான் எழுத மாட்டேன். நீங்க எழுதி அனுப்பினா, நான் பாத்தத நானே தனியா எழுதி அதே அரசாங்க ஆபீசுக்கு அனுப்புவேன்."

"மெரட்டுறீங்களாம்மா?"

"சொல்றேன் சார். மெரட்டணும்னா சொல்லாம செய்வேன்."

அஸ்மி பாராங்கைத் துடைத்து உறையில் போட்டார். அப்போதுதான் குணா நிமிர்ந்தார்.

"நானும் பாத்தேன் சார். எஸ்பி போட முடியாது."

நாச்சியப்பன் பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் சாப்பிட்டார். நாங்களும் பசியாறினோம். திரும்பி நடக்கும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கூடு முடிந்து குஞ்சு பறக்க எவ்வளவு நாள் ஆகும் என்று. எனக்குத் துல்லியமாகத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

5. பார்த்தவர்

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கடைசி அறிக்கை போவதற்கு முன்னால் பிரியா எனக்கு அதை அனுப்பி வைத்தாள். "நீங்களே ஒருவாட்டி பாத்துடுங்கக்கா, எனக்கு பயமா இருக்கு," என்றாள்.

சூப்பர்வைசர் காணாமல் போயிருந்தார். குட்டைவால் சிலம்பன் முழுப் பெயரோடு இருந்தது. கூடு கட்டும் ஜோடி என்றும் எழுதியிருந்தார்கள். ஓடையின் இரண்டு கரையையும் விட்டு வைக்க வேண்டும் என்ற வரியும் இருந்தது. மனம் குளிர்ந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். களக் குழு என்ற இடத்தில் என் பெயர் இல்லை. எப்போதும் இருக்கும் இடம் அது. இந்தத் தடவை கம்பெனி பெயர் மட்டும் இருந்தது.

குணாவுக்குப் போன் செய்தேன்.

"ஒங்க நல்லதுக்குத்தான்கா. இந்த அறிக்கைய எல்லா டெவலப்பரும் படிப்பாங்க. யாரு இந்தப் பொம்பள, தொல்ல புடிச்சவன்னு பேரு வந்துடும். அப்புறம் யாரும் ஒங்களக் கூப்பிட மாட்டாங்க. குருவி பேருதான் இருக்கே. அதானே வேணும் ஒங்களுக்கு?"

"நாளைக்கு ஒருத்தன் வந்து, யாரு பாத்தான்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"கம்பெனி பாத்துச்சுன்னு சொல்லுவேன்."

"கம்பெனிக்குக் கண்ணு இருக்கா குணா? அட்ட கடிச்சது கம்பெனியவா, என்னயவா?"

அவர் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார், அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. ஒளிந்துகொள்கிற மாதிரி நான் என்ன திருடினேன்? பார்த்தவர் பெயர் இல்லாத குருவி வெறும் வதந்தி. யார் வேண்டுமானாலும் வந்து அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். இருக்கிறது என்று எதிர்த்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

"எம்பேரப் போடுங்க. சுருக்காம, முழுசா போடுங்க. வேல வராட்டி அது என் கவல. இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முந்தியும் நான் சோறு தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

குணா "சரிக்கா," என்றார். போட்டார். அதற்கு அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த அறிக்கைக்குப் பிறகு அவர் கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே என்று உங்களுக்கு எல்லாரும் சொல்லித் தருவார்கள். அது முதல் நாள் பாடம். தெரிந்ததைத் தெரியவில்லை என்று எழுதச் சொல்லி ஒரு நாள் உங்களிடம் வருவார்கள். கத்த மாட்டார்கள். நல்ல மனிதர்களாக இருப்பார்கள், பசியாற வாங்கிக் கொடுப்பார்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்பார்கள். அது பணிவு போலவும் தெரியும். பணிவு இல்லை. அன்றைக்கு உங்கள் பெயரை எடுத்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

செல்லப்பெயர் வைத்ததால்தானே இவ்வளவு வம்பும் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். இனிமேல் புத்தகப் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். மாட்டேன். காட்டுக்குள் அவன் எனக்குக் கங்காணிதான். எழுதும் இடத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுத எனக்குத் தெரியும்.

வீடுகள் இப்போது மேட்டில் எழும்புகின்றன. ஓடைக்கரை அப்படியே நிற்கிறது. நான் பார்த்ததற்கான வரி அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிக் கட்டத்தில், பார்த்தவர் என்ற இடத்தில், தவமணி த/பெ முனியாண்டி என்று அச்சில் இருக்கிறது. அப்பா ஆயுள் முழுக்கப் பால் வெட்டினார். எந்தத் தோட்டத்து அறிக்கையிலும் அவர் பெயர் வந்ததில்லை. இதில் வந்திருக்கிறது. எடுக்க நினைக்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.